நுகர்வோர் சட்டத்துல இன்னும் தந்தி அடிக்கச் சொல்றாங்களா? பழைய வார்த்தைகளை மாத்துறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டத்துல பழைய வார்த்தைன்னா என்ன? ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்போம்.

அமெரிக்காவுல வீட்டு வாசல் வரைக்கும் வந்து பேசிப் பேசியே சாமான் தலையில கட்டிட்டுப் போறவங்களுக்குன்னு ஒரு விதி இருக்கு. 1970-கள்ல ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது வியாபாரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு, போட்டது. வாங்கின பிறகு மனசு மாறுனா 3 வேலை நாளுக்குள்ள கேன்சல் பண்ணிக்கலாம், அதுக்கான நோட்டீஸ் ஃபாரத்தை விக்கிறவரே கையில குடுக்கணும், அதுல என்ன எழுதியிருக்கணும்ங்கறதையும் விதியே வார்த்தைக்கு வார்த்தை சொல்லிடுது. அந்த வாசகத்துல கையெழுத்து போட்ட நோட்டீஸை தபால்ல அனுப்பு, இல்ல நேர்ல குடு, இல்ல எழுத்துல வேற எப்படியாவது தெரிவி, இல்லைன்னா தந்தி அடின்னு வரும். அங்க வெஸ்டர்ன் யூனியன் தந்தி சேவையை இழுத்து மூடுனது 2006 ஜனவரியில. இன்னைக்கு அந்த ஃபாரத்தைக் கையில வாங்குறவருக்கு முதல்ல தோணுற கேள்வி "ஈமெயில் அனுப்புனா செல்லுமா?"ங்கறதுதான், அதுக்கு அந்த வாசகத்துல நேரடியா பதில் இல்ல.

இப்படி செத்துப்போன சாமானோட பேர் ஒரு வகை. வக்கீலுக்கு மட்டும் புரியுற வார்த்தை இன்னொண்ணு. பேர் மாறிப்போன ஆபீஸ், மதிப்பு போன பணக்கணக்கு, இதெல்லாமும் இந்த லிஸ்ட்லதான் வரும்.

இது எழுத்துப்பிழை திருத்துற மாதிரி வேலைதானே? எதுக்கு இவ்ளோ பேச்சு?

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறாங்க, சட்டத் திருத்தம் கொண்டு வர்றவங்களும் "வார்த்தையை மட்டும்தான் மாத்துறோம், உரிமை அப்படியே இருக்கும்"னுதான் சொல்லுவாங்க. அங்கதான் கொஞ்சம் உஷாரா இருக்கணும்.

இந்தியாவுல நடந்ததைப் பாருங்க. 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல ஒரு கேஸ் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போகணுமா, மாநில ஆணையத்துக்கா, தேசிய ஆணையத்துக்கான்னு முடிவு பண்ண, பொருள் அல்லது சேவையோட மதிப்பையும் நீங்க கேக்குற நஷ்டஈட்டையும் சேர்த்துக் கூட்டுவாங்க. 2019 சட்டத்துல அந்த இடத்துல "பிரதிபலனாகச் செலுத்திய மதிப்பு"ன்னு மாத்திட்டாங்க, அதாவது நீங்க கையில இருந்து குடுத்த காசு எவ்ளோங்கறது மட்டும்தான் கணக்கு. படிச்சா ஏதோ சுருக்கி எழுதுன மாதிரிதான் இருக்கும். ஆனா இன்ஷூரன்ஸை எடுத்துக்கோங்க, கட்டுன பிரீமியம் சில ஆயிரம், கேக்குற க்ளெய்ம் ரெண்டு கோடி. முன்னாடி அது நேரா தேசிய ஆணையத்துக்குப் போற கேஸ், இப்ப மாவட்ட ஆணையத்துல ஆரம்பிக்கணும். பக்கத்துலயே முடிஞ்சா நல்லதுதானேன்னு சிலர் சொல்லுவாங்க, அதுலயும் நியாயம் இருக்கு. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2025-ல இந்த மாற்றம் செல்லும்னு தீர்ப்பும் வந்தாச்சு. நான் சொல்ல வர்றது, நாலு வார்த்தை மாறுனதுல கேஸ் போற கட்டடமே மாறிப்போச்சு. அதனால யாராவது "சும்மா மொழிச் சுத்தம்தான்"னு சொன்னா பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

பழைய வார்த்தையை அப்படியே விட்டா யாருக்கு என்ன நஷ்டம்?

வாங்குறவருக்குத்தான், வேற யாருக்கு. இதுக்கும் இந்தியாவுலயே ஒரு கதை இருக்கு. 1885-ல போட்ட தந்திச் சட்டத்துல 7பி-ன்னு ஒரு பிரிவு, தந்தி லைன், தந்திக் கருவி சம்பந்தமா தந்தி அதிகாரிக்கும் சேவை வாங்குறவருக்கும் தகராறு வந்தா மத்திய அரசு நியமிக்கிற மத்தியஸ்தர்தான் தீர்க்கணும்னு சொல்லுது. 2009-ல டெலிபோன் பில் தகராறு ஒண்ணு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. இந்தப் பிரிவு இருக்கிறதால நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் போன் கம்பெனி மேல கேஸ் போட்டா எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல நீட்டுறது இந்தத் தீர்ப்பைத்தான். 2013 ஜூலையில தந்தியே நின்னுபோச்சு, ஆனா தந்திச் சட்டத்தோட வார்த்தை மட்டும் மொபைல் பில்லுக்குக் குறுக்கால நின்னுச்சு!

2019 சட்டத்துல சேவைங்கற வார்த்தைக்கான விளக்கத்துல டெலிகாமையும் சேர்த்தாங்க. உடனே கம்பெனி தரப்புல, "பாத்தீங்களா, இப்பதான் சேர்க்கிறாங்க, அப்போ முன்னாடி நாங்க அதுக்குள்ள இல்லைன்னுதானே அர்த்தம்?"னு ஒரு வாதம் வச்சாங்க. தெளிவுபடுத்த சேர்த்த வார்த்தையே பழைய கேஸ்களுக்கு எதிரா திரும்பப் பார்த்துச்சு பாருங்க. 2022 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட், பழைய சட்டத்துல சேவைன்னு சொன்னதே எல்லாத்தையும் உள்ளடக்குனதுதான், டெலிகாமும் அதுல அடக்கம், தந்திச் சட்டம் இதுக்குத் தடை இல்லைன்னு முடிச்சு வச்சுது. 13 வருஷம்.

அப்போ பழைய வார்த்தை எல்லாத்தையும் ஒரேயடியா தூக்கிட வேண்டியதுதானே?

வேண்டாம். பழசா தெரியுற எல்லாமே கெட்டுப்போனது கிடையாது. 1987-ல அமெரிக்காவுல ராபர்ட் போர்க்னு ஒரு நீதிபதியை சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமிக்கப் பேச்சு நடந்தப்போ, அவர் வாடகைக்கு எடுத்துப் பார்த்த வீடியோ கேசட் லிஸ்டை ஒரு வாரப் பத்திரிகை வெளியிட்டுடுச்சு. நமக்கும் இதே கதி வந்தா என்னாகும்னு எம்பிக்களுக்கு பயம் வந்துச்சோ என்னவோ, மறு வருஷமே சட்டம் வந்துடுச்சு. ஒருத்தர் என்ன வீடியோ பாக்குறார்ங்கறதை அவர் சம்மதம் இல்லாம கடைக்காரர் வெளியில சொல்லக்கூடாதுன்னு. அதுல இருக்கிற வார்த்தை "முன்கூட்டியே பதிவு செய்த வீடியோ கேசட் டேப்கள் அல்லது அதுபோன்ற ஒலி-ஒளிப் பொருட்கள்". கேசட் போச்சு, டிவிடி வந்து அதுவும் போச்சு, ஸ்ட்ரீமிங் வந்துச்சு. "அதுபோன்ற"ங்கற ஒரு வாலை வச்சுதான் ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் மேல இன்னைக்கும் கேஸ் நடக்குது. கேசட்ங்கற வார்த்தையைப் பார்த்துட்டு இது செத்த சட்டம்னு யாராவது அன்னைக்கே தூக்கியிருந்தா வாங்குறவங்களோட ஒரு உரிமையே போயிருக்கும்.

இன்னொரு விஷயம், பழைய வார்த்தைக்குப் பின்னாடி அம்பது நூறு வருஷத் தீர்ப்புகள் இருக்கும். அது அசிங்கமா இருந்தாலும் அர்த்தம் இன்னதுன்னு செட்டில் ஆகியிருக்கும். புது வார்த்தை பளிச்னு இருக்கும், ஆனா அதோட எல்லை எங்கன்னு தெரிய இன்னும் பத்து கேஸ் நடக்கணும், அந்த பத்து பேரும் காசும் நேரமும் செலவு பண்ணணும்.

அப்படின்னா எப்பதான் பழைய வார்த்தையை மாத்தலாம்?

தீர்ப்புகள் சேரச் சேர அது வாங்குறவருக்கு எதிராவே போகுதுன்னா மாத்தித்தான் ஆகணும். பிரிட்டன்ல 1893 சரக்கு விற்பனைச் சட்டத்துல மெர்ச்சன்டபிள் குவாலிட்டின்னு ஒரு வார்த்தை இருந்துச்சு, வியாபாரிக்கு வியாபாரி விக்கத் தகுந்த தரம்னு வச்சுக்கோங்க. மூட்டை மூட்டையா சரக்கு வாங்கி விக்கிறவங்களுக்கு அது சரி. ஆனா ஒரு சாதாரண ஆள் புது கார் வாங்குறார், கார் ஓடுது, ஆனா பெயின்ட்ல கீறல், கதவு சரியா சாத்த மாட்டேங்குது, அது விக்கத் தகுந்ததா இல்லையா? ஓடுது இல்ல, அப்புறம் என்னன்னு எதிர்த்தரப்பு கேப்பாங்க. 1994-ல அந்த வார்த்தையை எடுத்துட்டு திருப்தியான தரம்னு போட்டு, அதுல தோற்றம், சின்னச் சின்னக் குறை இல்லாம இருக்கிறது, பாதுகாப்பு, எவ்ளோ நாள் உழைக்கும்ங்கறது எல்லாத்தையும் எடுத்துச் சொன்னாங்க. வார்த்தையை மாத்துனதோட நிக்காம அதுக்குள்ள என்னென்ன அடங்கும்னும் சொன்னாங்க பாருங்க, அதனாலதான் அந்தத் திருத்தம் உருப்படியா வேலை செஞ்சுது. நியூசிலாந்து 1993 சட்டத்துலயும் 2011-ல அமலுக்கு வந்த ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்துலயும் இதே எண்ணத்துக்கு "ஏத்துக்கக்கூடிய தரம்"னு பேர். இந்தியாவோட 1930 சரக்கு விற்பனைச் சட்டத்துல மட்டும் அந்தப் பழைய வார்த்தை இன்னும் உக்காந்திருக்கு.

ஒரு கமாவுக்காக எல்லாம் சுப்ரீம் கோர்ட் வரை போவாங்களா?

போவாங்க, போயிருக்காங்க. அமெரிக்காவுல தொல்லை போன் கால்களைத் தடுக்க 1991-ல ஒரு சட்டம் வந்துச்சு. தானியங்கி டயல் மெஷின்னா என்னன்னு அதுல ஒரு விளக்கம், "வரிசையில்லாம அல்லது வரிசையா எண்களை உருவாக்கும் கருவியைப் பயன்படுத்தி, எண்களைச் சேமிக்கவோ உருவாக்கவோ" முடிஞ்ச மெஷின்னு. அந்த "பயன்படுத்தி"ங்கறது உருவாக்கறதுக்கு மட்டுமா, சேமிக்கறதுக்கும் சேர்த்தாங்கறதுதான் சண்டை. சேமிக்கறதுக்குச் சேராதுன்னா, லிஸ்ட் வச்சு தானா போன் அடிக்கிற எல்லா சிஸ்டமும் சட்டத்துக்குள்ள மாட்டும். 2021 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் 9 பேரும் ஒரே குரல்ல, ரெண்டுக்கும் சேர்த்துதான்னு சொல்லிட்டாங்க. கமா எங்க இருக்கு, இலக்கணப்படி எது எதோட ஒட்டும்னு தீர்ப்புல அலசியிருக்காங்க. ஒரு காலுக்கு 500 டாலர், வேணும்னே பண்ணியிருந்தா 1,500 டாலர் வரைக்கும் நஷ்டஈடு தர்ற சட்டம் இது, அதோட எல்லை ஒரு வாக்கிய அமைப்புல சுருங்கிப்போச்சு. எண்களைத் தாறுமாறா உருவாக்கி டயல் பண்ற மெஷின் 1991-ல பெரிய தொல்லை, இப்ப எல்லார்கிட்டயும் ரெடிமேட் லிஸ்ட் இருக்கு. இதுக்குக் கோர்ட்டைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, அன்னைக்கு மெஷினோட உள் வேலையை எழுதாம "கேக்காத ஆளுக்குக் கூட்டமா போன் பண்றது"ன்னு செயலை எழுதியிருந்தா இந்தப் பிரச்சனையே வந்திருக்காதுங்கறது என்னோட எண்ணம்.

இன்டர்நெட் வந்ததுக்காக ஒவ்வொரு சட்டத்தையும் திறந்து திருத்தணுமா?

எல்லாத்தையும் வேண்டாம், ஒரு குறுக்கு வழி இருக்கு. ஐநாவோட வணிகச் சட்ட ஆணையம் 1996-ல மின்வணிகத்துக்கு ஒரு மாதிரிச் சட்டம் தயார் பண்ணுச்சு. அதோட சாரம், எந்தச் சட்டத்துலயாவது "எழுத்து மூலம்"னு இருந்தா மின்னணு வடிவமும் அதுக்குப் போதும்ங்கறது. இந்தியாவோட 2000 தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 4-வது பிரிவு இதைத்தான் செய்யுது. ஒரே பிரிவால நூத்துக்கணக்கான சட்டத்துல இருக்கிற அந்த வார்த்தைக்குப் புது அர்த்தம் கிடைச்சுது.

ஆனா விலக்குன்னு எழுதி வச்சிருந்தா இந்தக் குறுக்கு வழி உதவாது. மலேசியாவோட 1999 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மின்னணு முறையில நடக்கிற வியாபாரத்துக்கு இது பொருந்தாதுன்னு வெளிப்படையாவே சொல்லியிருந்துச்சு. அன்னைக்கு ஆன்லைன்ல வாங்குறவங்க ரொம்ப கம்மி, அதனால யாருக்கும் பெரிசா தெரியல போல. 2007-ல அந்த விலக்கை எடுத்தாங்க. எடுத்தது ஒரு வரிதான், ஆனா ஆன்லைன்ல வாங்குறவங்க மொத்தப் பேரும் சட்டத்துக்குள்ள வந்தாங்க.

அமெரிக்காவோட தபால் ஆர்டர் விதியும் இந்த மாதிரிதான். சொன்ன நாளுக்குள்ள சரக்கை அனுப்பணும், நாள் எதுவும் சொல்லலைன்னா 30 நாளுக்குள்ளன்னு 1975-ல வந்துச்சு. 1993-ல டெலிபோன் ஆர்டர் சேர்ந்துச்சு, 2014-ல விதியோட பேர்லயே இன்டர்நெட்ங்கற வார்த்தையைச் சேர்த்தாங்க. பேர் மாத்துறது வெட்டி வேலைன்னு நினைக்காதீங்க, பேரைப் பார்த்துட்டுதான் சாதாரண ஆள் இது நமக்கா இல்லையான்னு முடிவு பண்றார்.

டெக்னாலஜி பேரே வராம எழுதிட்டா பிரச்சனை தீர்ந்துடுமா?

பாதி தீரும். ஐரோப்பிய யூனியன் சட்டங்கள்ல பேப்பர், ஃபேக்ஸ், ஈமெயில்னு வரிசையா அடுக்காம "நிலைத்த ஊடகம்"னு ஒரு வார்த்தை வச்சாங்க, வாங்குறவர் பத்திரமா வச்சுக்கிட்டு பின்னாடி எடுத்துப் பாக்கக்கூடிய எதுவா இருந்தாலும் சரி, ஆனா விக்கிறவர் நைசா மாத்த முடியாததா இருக்கணும். அருமையான வார்த்தைதான். ஆனா 2012-ல ஒரு கம்பெனி வெப்சைட் லிங்க் அனுப்புனோமே, அது போதாதான்னு கேட்டு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. போதாதுன்னு தீர்ப்பு, லிங்க்குக்குப் பின்னாடி இருக்கிற பக்கத்தை நாளைக்கே மாத்திடலாமே! பொதுவா எழுதுனா இப்படி எல்லைக்கோட்டுல சண்டை வரத்தான் செய்யும், ஆனாலும் கேசட்னு எழுதுறதுக்கு இது எவ்வளவோ தேவலை.

சில இடத்துல பேர் சொல்லியே எழுத வேண்டியும் இருக்கு. ஐரோப்பாவுல 2023-ல வந்த ஒரு உத்தரவுப்படி ஆன்லைன் ஒப்பந்தங்கள்ல இருந்து விலக ஒரு பட்டன் மாதிரி வசதி கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருக்கணும், 2026 ஜூன்ல இருந்து அமல். பொதுவா "எளிதான முறையில"ன்னு எழுதியிருந்தா ஏழாவது மெனுவுக்குள்ள ஒளிச்சு வச்சுட்டு இதான் எளிதுன்னு சொல்லுவாங்க.

சட்டத்துல போட்டிருக்கிற பணக்கணக்கும் பழைய மொழிதானா?

ஆமா, இதுதான் சீக்கிரம் கெட்டுப்போறது. மேல சொன்ன வீட்டு வாசல் விதி 25 டாலர்ல ஆரம்பிச்சுது. 2015-ல தற்காலிக இடங்கள்ல நடக்கிற விற்பனைக்கு 130 டாலர்னு ஏத்துனாங்க, வீட்டுல நடக்கிறதுக்கு அதே 25. இங்க பழைய எண்ணை விட்டதுதான் வாங்குறவருக்கு லாபம், சின்னத் தொகைக்கும் பாதுகாப்பு கிடைக்குது இல்லையா. இந்தியாவுல மாவட்ட அளவுல விசாரிக்கிற உச்சவரம்பு 1986-ல 1 லட்சம், அப்புறம் 5 லட்சம், 20 லட்சம், 2019 சட்டத்துல 1 கோடி, 2021 கடைசியில விதி போட்டு 50 லட்சமா குறைச்சாங்க. கடைசி மாற்றத்துக்கு நாடாளுமன்றம் போகல, ஏன்னா வேற தொகையை அரசு விதியில சொல்லிக்கலாம்னு சட்டத்துலயே எழுதி வச்சிருந்தாங்க. எண்ணை விதிக்குத் தள்ளுறது வசதி, ஆனா யாரும் கவனிக்காத நேரத்துல மாத்திடவும் அதே வசதிதான்.

எளிமையான மொழியில எழுதுனா போதாதா?

எளிமை நல்லதுதான். 1975 வாக்குல அமெரிக்காவுல சிட்டி பேங்க் தன்னோட கடன் பத்திரத்தை சாதாரண மொழியில திருப்பி எழுதுச்சு. அதைப் பார்த்து நியூயார்க் மாநிலம் நுகர்வோர் ஒப்பந்தங்கள் அன்றாட அர்த்தமுள்ள வார்த்தைகள்ல தெளிவா இருக்கணும்னு சட்டமே போட்டுச்சு, 1978-ல அமலுக்கு வந்துச்சு. ஐரோப்பாவோட 1993 உத்தரவு இன்னும் ஒரு படி மேல, அர்த்தத்துல சந்தேகம் வந்தா வாங்குறவருக்குச் சாதகமானதைத்தான் எடுத்துக்கணும்னு சொல்லுது. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச ஐடியா, குழப்பமா எழுதுனவனே அதோட விலையைக் குடுக்கட்டும்.

மொழி மனசை எப்படி அடிக்கும்ங்கறதுக்கு பிரிட்டன் ஒரு உதாரணம். 1974 கடன் சட்டத்தோட விதிகள்படி தவணை கட்டாதவங்களுக்குப் போற நோட்டீஸ்ல சில வரிகளை கேபிட்டல் எழுத்துல போடணும்னு இருந்துச்சு. முக்கியமானது கண்ணுல படட்டும்னு நல்ல எண்ணத்துலதான் வச்சிருப்பாங்க, வாங்குறவருக்கு அது யாரோ கத்துற மாதிரி. கடன்ல மூழ்கி ஏற்கனவே ஒடிஞ்சு போனவங்க கவரையே பிரிக்க மாட்டேங்குறாங்கன்னு மனநலம் சார்ந்த தொண்டு அமைப்புகள் பேசிப் பேசி, 2020-ல அந்த விதியைத் திருத்தினாங்க.

ஆனா சட்டத்தைப் புதுப்பிச்சா அது தானா எளிமையாயிடும்னு மட்டும் நினைக்காதீங்க. இந்தியாவோட 1986 சட்டத்துல 31 பிரிவு, 2019-ல 107. விளக்கங்கள் மட்டுமே 47. விஷயம் கூடியிருக்கு, அதை ஒத்துக்கறேன், ஆனா படிக்க சுலபமாச்சான்னா இல்லவே இல்ல.

வாங்குறவருக்குப் புரியுற மொழியில சட்டமும் ஒப்பந்தமும் இருக்கணும்னு எங்கயாவது விதி இருக்கா?

மறுபடி அந்த வீட்டு வாசல் விதிதான். விக்கிறவர் எந்த மொழியில பேசி வித்தாரோ அதே மொழியில ரசீதும் ஒப்பந்தமும் குடுக்கணும்னு அதுல இருக்கு. தந்தியைப் பார்த்து நாம சிரிச்ச அதே விதியில இப்படி ஒரு வரி! பேசுறது ஒரு மொழி, கையெழுத்து வாங்குறது புரியாத இன்னொரு மொழின்னு நடக்கிற ஊர் எதுவா இருந்தாலும் இந்த வரியை அப்படியே எடுத்துக்கலாம்.

சட்டத்துல எங்க பார்த்தாலும் "அவன்"னு ஆம்பளை மாதிரியே எழுதியிருக்கே, பெண்களுக்கு அது பொருந்துமா?

பொருந்தும். இந்தியாவுல 1897 பொது வாசகங்கள் சட்டம் ஆண்பால் சொல்லுக்குள்ள பெண்பாலும் அடக்கம்னு சொல்லிடுது. பிரிட்டன்ல 2007-ல இருந்து புது சட்டங்களை ஆண்பால் மட்டும் வராம எழுதுறாங்க. உரிமை மாறாம மாத்தக்கூடியது இது ஒண்ணுதான், இதைச் செய்ய யோசிக்கவே வேண்டாம்.

கேஸ் நடந்துக்கிட்டு இருக்கும்போதே சட்டம் மாறுனா?

அதுக்குத்தான் சட்டத்தோட கடைசிப் பக்கத்துல யாரும் படிக்காத ஒரு பிரிவு இருக்கும், பழைய சட்டம் ரத்து, ஆனா இன்னின்னது தொடரும்னு. 2020 ஜூலை 20-ல இந்தியாவோட புது சட்டம் அமலுக்கு வந்தப்போ, ஏற்கனவே பதிவான கேஸை எல்லாம் புது வரம்புப்படி வேற ஆணையத்துக்கு மாத்தணுமான்னு பெரிய குழப்பம். பல பேர் கேஸை எடுத்துக்கிட்டு அலைஞ்சாங்க. 2021 மார்ச்ல சுப்ரீம் கோர்ட், அந்தத் தேதிக்கு முன்னாடி போட்ட கேஸ் போட்ட இடத்துலயே நடக்கட்டும்னு சொல்லி தீர்த்து வச்சுது. இதை அந்தப் பிரிவுலயே ஒரு வரியில தெளிவா எழுதியிருக்கலாம், அவ்ளோதான்.

இதை எல்லாம் யார் கவனிக்கிறாங்க? நாம ஏதாவது சொல்ல முடியுமா?

ஃபெடரல் டிரேட் கமிஷன் தன்னோட விதிகளை சுமாரா 10 வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, பொதுமக்கள்கிட்ட கருத்து கேக்குது. இந்தியாவுல மசோதாவை 30 நாளாவது பொதுப் பார்வைக்கு வைக்கணும்னு 2014-ல ஒரு கொள்கை வகுத்திருக்காங்க. ஐநாவோட நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதலே 1985-ல வந்து 1999-லயும் 2015-லயும் திருத்தப்பட்டதுதான், கடைசித் திருத்தத்துல மின்வணிகம் சேர்ந்துச்சு. கருத்து அனுப்புறப்போ "மொழி கடினமா இருக்கு"ன்னு பொதுவா எழுதாதீங்க, அதை யாரும் கண்டுக்க மாட்டாங்க. எந்தப் பிரிவு, எந்த வார்த்தை, அதனால எந்த மாதிரி ஆளுக்கு என்ன கிடைக்காம போகுது, அதுக்கு பதிலா என்ன போடலாம்னு நாலு வரி எழுதுங்க.

என்கிட்ட இருக்கிற வாரன்ட்டி கார்டுல ரத்தான பழைய சட்டத்தோட பேர்தான் இருக்கு. அது செல்லாதா?

செல்லும், பயப்படாதீங்க. முன்ன சொன்ன அதே 1897 சட்டத்துல 8-வது பிரிவு, ரத்தான சட்டத்தை ஒரு ஆவணத்துல குறிப்பிட்டிருந்தா, அதுக்குப் பதிலா வந்த சட்டத்தைத்தான் குறிக்குதுன்னு எடுத்துக்கச் சொல்லுது. மத்த பல நாடுகள்லயும் இதே மாதிரி பொது விளக்கச் சட்டம் இருக்கும். பழைய சட்டத்துல மாவட்ட மன்றம்னு இருந்ததுக்கு 2019 சட்டத்துல மாவட்ட ஆணையம்னு பேர், அதனால கார்டுல "மன்றம்"னு இருந்தா ஆணையம்னு படிச்சுக்கோங்க. பழைய பேர் இருக்கிறதால வாரன்ட்டி காலாவதின்னு கடையில யாராவது சொன்னா அதை எழுத்துல குடுக்கச் சொல்லுங்க, ஈமெயில்ல குடுத்தாலும் அது எழுத்துதான்.